கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதா, பாகம் கேட்பதா: அப்பா சொத்தில் கல்யாணமான மகளுக்கு உள்ள வழிகள்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல்காரர் கீற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோதுதான் சித்தப்பா அந்தப் பேச்சை எடுத்தார். "எல்லாரும் கூடியிருக்கும்போதே முடிச்சிடலாம்மா. இதுக்குன்னு நீ இன்னொரு தடவை ஸ்கூலுக்கு லீவு போட்டு வரணுமா? பத்திரம் எழுதுறவர்கிட்ட சொல்லியாச்சு. நாளைக்குக் காலைல ஒரே ஒரு கையெழுத்து."

அந்த ஒரே ஒரு கையெழுத்தின் பெயர் விடுதலைப் பத்திரம். அப்பாவின் சொத்தில் எனக்குள்ள பங்கு முழுவதையும் அண்ணனுக்கும் தம்பிக்கும் விட்டுக்கொடுத்து, "இனி எனக்கும் இந்தச் சொத்துக்கும் யாதொரு பாத்தியமும் இல்லை" என்று எழுதித் தருவது. நான் அன்றைக்குப் போடவில்லை. தைரியம் என்றெல்லாம் இல்லை, இரவு பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருந்தேன், பேரனுக்குக் காய்ச்சல் வேறு, அதனால் "அடுத்த மாசம் பாத்துக்கலாம் சித்தப்பா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அப்படித் தள்ளிப்போன நாலு மாதத்தில்தான், கையெழுத்துப் போடுவது, போடாமல் இருப்பது என்ற இரண்டைத் தவிர வேறு வழிகளும் உண்டு, சொத்துக்குச் சொத்து வழி மாறலாம் என்பதெல்லாம் புரிந்தது. அதைத்தான் எழுதுகிறேன். உயில் எழுதாமல் இறந்த இந்து அப்பாவின் சொத்தைப் பற்றி மட்டும். (சட்டத்தின் கணக்கில் பௌத்தர், சமணர், சீக்கியரும் இதில் வருவார்கள், கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சட்டமே வேறு.)

முதலில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்

எவ்வளவு வரும் என்றே தெரியாமல் எந்த வழி நல்லது என்று பேசுவது வீண். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். "அவளுக்கு என்ன வரும், ஏதோ கொஞ்சம் வரும்" என்ற மட்டத்திலேயே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் அப்பா விட்டுப்போனது மூன்று. மன்னார்குடி பக்கத்துக் கிராமத்தில் 1978இல் தன் சம்பளத்தில் கட்டிய வீடு. தஞ்சாவூர் ஓரத்தில் 1988இல் தன் பெயரில் வாங்கிய 10 சென்ட் மனை. அப்புறம் 6 மா நஞ்சை. இந்த நஞ்சை 1971இல் தாத்தாவும் அவர் பிள்ளைகளும் எழுதிக்கொண்ட பதிவுசெய்த பாகப்பிரிவினையில் அப்பாவுக்கு வந்தது. வாரிசுகள் அம்மா, அண்ணன், நான், தம்பி.

வீடும் மனையும் அப்பாவின் சுயார்ஜிதம், அதாவது அவரே சம்பாதித்துச் சேர்த்தது. இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1956 ஜூன் 17 முதலே, இப்படிப்பட்ட சொத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு, மகளுக்குக் கல்யாணம் ஆனதா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. "2005இல்தான் பொண்ணுங்களுக்குச் சொத்து வந்துச்சு" என்பது பாதி உண்மைதான், சுயார்ஜிதத்தில் எழுபது வருடமாகச் சமபங்கு உண்டு, கேட்டவர்கள்தான் குறைவு. ஆக வீட்டிலும் மனையிலும் ஆளுக்குக் கால் பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்திருந்தால் அவரும் முதல் வகுப்பு வாரிசு, அப்போது ஐந்தில் ஒன்றாகியிருக்கும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நஞ்சைதான் சிக்கல். பாகப்பிரிவினையில் வந்த பூர்வீகம் என்பதால் அது கூட்டுக்குடும்பச் சொத்து. மத்திய அரசு சட்டத்தைத் திருத்திய 2005 செப்டம்பர் 9 முதல் மகளும் மகனைப் போலவே பிறப்பாலேயே அதில் பங்குதாரர். அப்பா இறந்த நொடியில் பாகம் பிரித்ததாகச் சட்டம் ஒரு கற்பனை செய்துகொள்ளும். அப்பா, அண்ணன், நான், தம்பி என்று நாலு பங்கு. (தமிழ்நாட்டில் இந்தக் கட்டத்தில் மனைவிக்குத் தனிப்பங்கு வருவதில்லை.) பிறகு அப்பாவின் அந்தக் கால் பங்கு மட்டும் அம்மா உட்பட நாலு பேருக்கும் சமமாகப் பிரியும். அப்படியென்றால் பிள்ளைகள் மூவருக்கும் ஆளுக்கு 16இல் 5, அம்மாவுக்கு 16இல் 1. எங்கள் பக்கத்து நில அளவில் ஒரு மா என்றால் 100 குழி. 600 குழியில் எனக்கு 187½, அம்மாவுக்கு 37½. பழைய சட்டப்படி கணக்கிட்டால் மகள் பங்குதாரரே இல்லை, அப்பாவின் மூன்றில் ஒரு பங்கில் நாலில் ஒன்று மட்டும்தான் வரும், அதாவது 12இல் 1, வெறும் 50 குழி. சித்தப்பா மனதில் இருந்த "ஏதோ கொஞ்சம்" இந்த 50 குழிதான் என்று நினைக்கிறேன்.

அண்ணன் கையில் இன்னொரு வாதமும் இருந்தது. "நீ 87லயே கல்யாணம் பண்ணிப் போனவ, உனக்குப் பூர்வீகத்துல வராது." இது அவர் கற்பனை இல்லை. தமிழ்நாடு மத்திய அரசுக்கு முன்பே, 1989 மார்ச் 25 முதல், மகள்களைப் பூர்வீகச் சொத்தில் பங்குதாரராக்கியது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் போட்ட பெண்களுக்குச் சம சொத்துரிமைத் தீர்மானம் சட்டமாக அறுபது வருடம் ஆகியிருக்கிறது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே ஒரு விதி இருந்தது. இன்னும் ஊரில் அதை வைத்துத்தான் பேசுகிறார்கள். 2005இன் மத்திய திருத்தத்தில் அந்தப் பாகுபாடு கிடையாது. அப்பா 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்பதில் உச்ச நீதிமன்றமே சில வருடம் முன்னுக்குப் பின் சொல்லிக்கொண்டிருந்தது, 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள், "உரிமை பிறப்பால் வருவது, அப்பா அன்று உயிரோடு இருந்தாரா என்பது முக்கியமில்லை" என்று முடித்துவிட்டார்கள். 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமாகவோ கோர்ட் தீர்ப்பு மூலமாகவோ பாகம் பிரித்திருந்தால், அல்லது விற்றிருந்தால், அதைக் கிளற முடியாது. "அப்பா அப்பவே வாயால பிரிச்சுக் குடுத்துட்டார்" என்று சொன்னால் மட்டும் போதாது, அதைக் காட்டும் அரசு ஆவணம் மாதிரி வலுவான சான்று வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் தாத்தா சொத்து எல்லாவற்றையும் பூர்வீகம் என்பார்கள். தாத்தா தானே சம்பாதித்து, 1956க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்து, அது அப்பாவுக்கு வந்திருந்தால் அது அப்பாவின் தனிச்சொத்து ஆகிவிடும் (1986இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது), கணக்கு கால் பங்கு மாதிரி எளிதாகிவிடும். ஆனால் அதை அப்பா யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதியிருக்கலாம். பூர்வீகத்திலோ தன் பங்கை மட்டும்தான் எழுத முடியும், மகளின் பிறப்புரிமைப் பங்கைத் தொட முடியாது. மூலப்பத்திரத்தைப் பார்க்காமல் இது தெரியாது. சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாவற்றையும் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே போட்டுப் பாருங்கள், யாரிடமும் கேட்டு நிற்க வேண்டாம்.

சும்மா எழுதித் தரும் விடுதலை

எல்லா வீட்டிலும் முதலில் நீட்டப்படுவது இதுதான். செலவு குறைவு, குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம், 2023 ஜூலையில் உயர்த்திய பிறகு உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. ஒரே காலையில் முடிந்துவிடும். அண்ணன் தம்பிக்குப் பத்திரமும் பட்டாவும் சுத்தமாகிவிடும்.

உங்களுக்கு என்ன கிடைக்கும்? பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்கும் என்ற நம்பிக்கை. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. என் மகள் கல்யாணத்தில் தாய்மாமன் சீர் தூக்கிக்கொண்டு அண்ணன் முன்னால் நடந்து வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது, அதற்கு, நிலத்துக்கு அரசு போடுகிற மாதிரி எந்த வழிகாட்டி மதிப்பும் கிடையாது. அண்ணன் நிலைமை நிஜமாகவே மோசம், உங்களுக்கு வசதி இருக்கிறது, அம்மாவைப் பத்து வருடமாக அவர்கள்தான் பார்க்கிறார்கள் என்றால் எழுதிக் கொடுப்பது நல்ல முடிவாகவே இருக்கலாம். ஆனால் எண்ணைத் தெரிந்துகொண்டு கொடுங்கள். 187½ குழியையும் கால் வீட்டையும் கால் மனையையும் விட்டுக்கொடுக்கிறேன் என்று தெரிந்து கொடுப்பது வேறு, ஏதோ கையெழுத்து என்று போடுவது வேறு. "உனக்குத்தான் 40 பவுன் போட்டோமே" என்ற கணக்கையும் இதில் சேர்க்காதீர்கள். நகையும் சீரும் கல்யாணத்தில் கொடுத்தது, அதனால் சட்டப்படி பங்கு குறையாது. நியாயமாக மனசுக்குள் கழித்துக்கொள்ள விரும்பினால் அது உங்கள் விருப்பம்.

பதிவாகிவிட்ட விடுதலையைத் திரும்பப் பெறுவது மிகக் கஷ்டம். ஏமாற்றி வாங்கினார்கள் என்று நிரூபிக்க வேண்டும், அதுவும் தெரியவந்த மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். இதற்கு நேர்மாறாக, அப்பா உயிரோடு இருக்கும்போதே "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று எழுதி வாங்கியிருந்தால், அவருடைய சுயார்ஜிதத்தைப் பொறுத்தவரை அது பொதுவாகச் செல்லாது, அப்போது உங்களுக்கு உரிமையே பிறக்கவில்லை. ஆனால் அதற்குப் பணம் வாங்கியிருந்தால் பிறகு பேச்சு மாற்ற முடியாதபடி கோர்ட் தடுக்கலாம்.

இன்னொன்று, விடுதலை என்பது சக பங்குதாரர்களுக்கு ஒதுங்கி வழிவிடுவது. அண்ணனுக்கு வேண்டாம், கஷ்டப்படுகிற தம்பிக்கு மட்டும் என் பங்கு போகட்டும் என்று நினைத்தால் தான செட்டில்மெண்ட் பத்திரம்தான் தெளிவானது. அதே குடும்பக் கட்டணம்தான்.

பணம் வாங்கிக்கொண்டு விடுதலை

ஊரில் இதைக் கொஞ்சம் கேவலமாகப் பார்ப்பார்கள், "அண்ணன்கிட்டயே காசு வாங்கிட்டா" என்று. எனக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. வெளியூரில் இருக்கிற மகளுக்கு நிலத்தைவிடப் பணம் உதவும், அண்ணனுக்கு நிலம் முழுசாக நிற்கும், வரப்பு நடுவில் வராது.

ஆனால் இதில்தான் ஏமாற்றமும் அதிகம். பேசுவது ஒரு தொகை, பத்திரத்தில் எழுதுவது ஒரு தொகை, கைக்கு வருவது மூன்றாவது தொகை. "பாதி இப்ப, மீதி அறுவடைக்கு அப்புறம்" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டவர்களை நான் அறிவேன், அந்த அறுவடை இன்னும் வரவில்லை. முழுத் தொகையும் கணக்குக்கு வந்த பிறகுதான் சார்பதிவாளர் முன் கைரேகை. பத்திரத்தில் அதே தொகையும் காசோலை எண்ணும் இருக்க வேண்டும். அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமானவரித் துறை அதே அளவு அபராதம் போட முடியும், இது பலருக்குத் தெரியாது. டவுன் மனைக்குப் பணம் வாங்கினால் மூலதன ஆதாய வரியும் வரலாம், ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிராமத்து விவசாய நிலத்துக்குப் பொதுவாக அந்தத் தொல்லை இல்லை.

விலை எப்படி நிர்ணயிப்பது? வழிகாட்டி மதிப்பு ஒரு அடிமட்டம், அவ்வளவுதான். எங்கள் மனைக்குப் பக்கத்து மனை அந்த வருடம்தான் விற்றிருந்தது, அந்தக் கிரயப் பத்திரத்தின் நகலை எடுத்து நடுவில் வைத்தேன். அதற்குப் பிறகு விலையைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசவில்லை.

பாகப்பிரிவினைப் பத்திரம்

என்னைக் கேட்டால் பேச்சுவார்த்தை நடக்கிற வீட்டில் முதலில் முயல வேண்டியது இதுதான். எல்லா வாரிசுகளும் சேர்ந்து, எந்தச் சொத்து யாருக்கு என்று 'அ' தபசில், 'ஆ' தபசில் (சொத்துப் பட்டியல்) என்று பிரித்து எழுதிப் பதிவு செய்வது. கட்டணம் ஒவ்வொரு பாகத்துக்கும் 1 சதவீதம், இதிலும் பாகத்துக்கு 40,000 உச்சவரம்பு, பதிவுக்கு 10,000. விடுதலையைவிடக் கொஞ்சம் கூடுதல். அதே சொத்தைக் கிரயமாக எழுதினால் தீர்வையும் பதிவும் சேர்ந்து 9 சதவீதம் என்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

இதன் பெரிய வசதி, சட்டக் கணக்குப்படி ஒவ்வொரு சொத்தையும் துண்டு துண்டாக வெட்ட வேண்டியதில்லை. வீட்டை நாலாக வெட்டி ஆளுக்கு ஒரு அறையா எடுத்துக்கொள்வது? மொத்த மதிப்பைப் பார்த்து, இவருக்கு வீடு, அவளுக்கு மனை, குறைகிறவருக்கு ரொக்கம் என்று மாற்றிக்கொள்ளலாம். எல்லோரும் ஒப்பினால் குறைவாகவும் எடுத்துக்கொள்ளலாம், அம்மாவுக்கு ஆயுள் உள்ளவரை குடியிருக்கும் உரிமை என்று ஒரு வரி சேர்க்கலாம். அந்த ஒரு வரி ரொம்ப முக்கியம். பிள்ளைகள் மூவரும் பிரித்துக்கொண்டு அம்மா எந்தத் தபசிலிலும் இல்லாமல் போன வீடுகள் உண்டு.

எதில் உஷாராக இருக்க வேண்டும் என்றால், நிலத்தில் எந்தப் பக்கம் என்பதில். எனக்கு முதலில் ஒதுக்கிய துண்டு வாய்க்காலின் வால் பக்கம், ஆகஸ்ட்டில் தண்ணீர் எட்டிப்பார்க்காது, வண்டி போக வழியும் கிடையாது, அண்ணன் வயல் வழியாகத்தான் போக வேண்டும். குழிக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. சர்வேயரை வைத்து அளந்து, பாதை உரிமையையும் தண்ணீர் பாய்ச்சும் உரிமையையும் பத்திரத்தில் எழுத வைத்தோம். உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கும்வரை வேலை முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் இருந்தால் அதையும் பிரிக்க வேண்டும். பங்கு கேட்கிற மகளுக்குக் கூட்டுறவு சங்கத்து நகைக்கடனிலும் பயிர்க்கடனிலும்கூடப் பங்கு உண்டு.

யாருக்கு எது என்று வெள்ளைத்தாளில் கூர்சீட்டு எழுதிப் பெரியவர்கள் முன் கையெழுத்துப் போட்டுக்கொள்வது எங்கள் பக்கம் வழக்கம். பேச்சை மறக்காமல் இருக்க அது உதவும். பாகத்தை நிரூபிக்க அதை மட்டும் நம்பாதீர்கள், வங்கியும் ஏற்காது, வாங்குபவரும் ஏற்கமாட்டார்.

எதுவும் செய்யாமல் விடுவது

பெரும்பாலானோர் உண்மையில் தேர்ந்தெடுப்பது இதைத்தான், தேர்ந்தெடுத்தோம் என்று தெரியாமலே. "அம்மா இருக்கிற வரைக்கும் பேச வேண்டாம்." இதில் நியாயம் உண்டு. சட்டமும் ஓரளவு துணை நிற்கும், ஒரு பங்குதாரர் அனுபவிப்பது எல்லோர் சார்பிலும் அனுபவிப்பதாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும், அண்ணன் உழுகிறார் என்பதால் மட்டும் உங்கள் உரிமை போகாது.

ஆனால் வெளிப்படையாக "உனக்கு இதில் ஒன்றும் இல்லை" என்று மறுத்த நாளிலிருந்து 12 வருடக் கெடு ஓட ஆரம்பிக்கலாம். அதற்குள் பட்டா அவர்கள் பெயருக்கு மாறி, அடமானம் போய், மூன்றாம் ஆளுக்கு விற்று, அவர் வீடும் கட்டியிருப்பார். பட்டா உரிமைப் பத்திரம் இல்லைதான். விற்கிறவன் முதலில் நீட்டுவது அதைத்தானே.

ஆகவே காத்திருப்பதென்றால் மூன்று வேலையை முடித்துவிட்டுக் காத்திருங்கள். வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இ-சேவையில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தார் தருவது, கல்யாணமான மகளை விட்டுவிட்டு விண்ணப்பிக்கிற வேலை அடிக்கடி நடக்கிறது. அந்தச் சான்றை வைத்து எல்லோர் பெயரிலும் கூட்டுப் பட்டா. வருடத்துக்கு ஒரு தடவை வில்லங்கச் சான்று. இந்த மூன்றுக்கும் சண்டை போட வேண்டியதில்லை, கூட்டுப் பட்டாவில் பெயர் ஏறிவிட்டால் நீங்கள் இல்லாமல் விற்பது மிகவும் கஷ்டமாகிவிடும்.

கோர்ட்

பாகப்பிரிவினை வழக்கு. பலர் நினைப்பது போல இது ஒரே தீர்ப்பில் முடிகிற விஷயம் இல்லை. முதலில் யாருக்கு எத்தனை பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பாணை. அப்புறம் வழக்கறிஞர் ஆணையர் வந்து, சர்வேயரோடு அளந்து, இறுதித் தீர்ப்பாணை. அப்புறம் சொத்தைச் சுவாதீனம் எடுக்க, அதாவது கைக்குக் கொண்டுவர, நிறைவேற்று மனு. நடுவில் மேல்முறையீடுகள். பத்து வருடம் என்பது அபூர்வம் இல்லை. முதல்நிலைத் தீர்ப்பை பிரேம் போட்டு மாட்டாத குறையாக வைத்துக்கொண்டு, அடுத்த படிக்கு மனுவே போடாமல் உட்கார்ந்திருந்த ஒரு அத்தையை எனக்குத் தெரியும்.

கட்டணம் பயப்படுகிற அளவுக்கு இருக்காது, அது நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சொத்து இன்னும் எல்லோரின் கூட்டு அனுபவத்தில் இருக்கிறது என்றால் ஒரு சின்ன நிலையான கட்டணம்தான். உங்களை முழுசாக வெளியேற்றிவிட்டார்கள் என்றால் உங்கள் பங்கின் மதிப்பில் சதவீதம், தமிழ்நாட்டில் 7.5 ஆக இருந்தது, 2017இல் 3 சதவீதமாகக் குறைத்தார்கள். வக்கீல்கள் பிராதில் (வழக்கு மனுவில்) "வாதியும் பிரதிவாதிகளும் கூட்டு அனுபவத்தில்" என்று கவனமாக எழுதுவதன் ரகசியம் இதுதான். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, அந்தந்த மாவட்டக் கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். நடுவில் சமாதானமாகிவிட்டால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பி வரும், கோர்ட்டுக்கு வெளியே தாங்களாகப் பேசி முடித்தாலும் உண்டு என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

குடியிருக்கும் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண் வாரிசுகள் பிரிக்க நினைக்கும்வரை மகள் அந்த வீட்டில் பாகம் கேட்க முடியாது என்று முன்பு ஒரு பிரிவு இருந்தது, 23ஆம் பிரிவு. 2005இல் அதை எடுத்துவிட்டார்கள். இன்னும் அதைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள்.

எப்போது கோர்ட்? விற்க ஏற்பாடு நடக்கிறது என்று தெரிந்தால் யோசிக்காமல் உடனே. வழக்கும் விற்கத் தடைகேட்கும் மனுவும் போட்டால் பெரும்பாலும் வாங்க வந்தவரே ஓடிவிடுவார், அப்படியே விற்றாலும் வாங்கியவர் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர். வாரிசுச் சான்றில் பெயரை விட்டு ஏமாற்றியிருந்தாலும், வக்கீல் நோட்டீசுக்கே "பங்கு கிடையாது" என்று பதில் வந்தாலும் கோர்ட்தான். கோபத்தில், அண்ணி சொன்ன ஒரு வார்த்தைக்காகப் போகாதீர்கள். கோபம் ஆறு மாதத்தில் தணிந்துவிடும், வாய்தா தணியாது. நடுவழியாக ஒன்று உண்டு. வழக்கு போடுவதற்கு முன்பே ஆணைக்குழுவில் மனு கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம், அங்கே ஆகும் முடிவு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது.

இன்னொரு கேள்வியும் உண்டு, எந்த வழியில் வாங்கினாலும் உங்களுக்குப் பிறகு அது யாருக்குப் போகும்? பிள்ளைகள் இருந்தால் பிள்ளைகளுக்கும் கணவருக்கும். பிள்ளைகளே இல்லை என்றால், அப்பா அம்மாவிடமிருந்து வாரிசாக வந்த சொத்து கணவர் பக்கம் போகாது, பிறந்த வீட்டுப் பக்கமே திரும்பும். பணமாக வாங்கி உங்கள் பெயரில் வேறு சொத்து வாங்கினால் அந்த விதி அதற்குப் பொருந்தாமல் போகலாம். குழந்தை இல்லாதவர்கள் எந்த வழியானாலும் ஒரு உயில் எழுதிவிடுவது நல்லது.

எங்கள் வீட்டில்

நாலு மாதம் கழித்து நான் எடுத்துப் போனது ஒரே ஒரு பக்கம். மேலே மூன்று சொத்து, பக்கத்தில் ஆளுக்கு எவ்வளவு என்ற கணக்கு, மதிப்பு. வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன். அண்ணன் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். "187½ குழியா? அரைக் குழியையும் விடமாட்டியா?" என்றார். சித்தப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மாதான், "கணக்கு சரியா தப்பான்னு மட்டும் பாருடா" என்றாள்.

ஆறு தடவை பேசினோம். கடைசியில் ஒரே பாகப்பிரிவினைப் பத்திரம். வீடு அம்மா ஆயுள்வரை அம்மாவுக்கு, பிறகு அண்ணனுக்கு. மனையில் 5 சென்ட் எனக்கு, 5 சென்ட் தம்பிக்கு. நஞ்சையில் 100 குழி எனக்கு, வாய்க்கால் ஓரமாக. மீதியை அண்ணனும் தம்பியும் அவர்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். அம்மா நிலம் வேண்டாம் என்றுவிட்டாள். மொத்தத்தில் எனக்குச் சேர வேண்டியதைவிடக் குறைவுதான், எவ்வளவு குறைவு என்று எனக்குத் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். என் துண்டையும் அண்ணனே குத்தகைக்குச் செய்கிறார்.

அந்த வருடம் பொங்கல் சீர் வரவில்லை. அடுத்த வருடம் தம்பி மட்டும் கரும்புக் கட்டோடு வந்தான். அண்ணன் போன மாதம்தான் முதல் தடவையாக அவராகவே போன் செய்தார், நலம் விசாரித்துவிட்டு, "மோட்டார் காயில் போயிடுச்சு, வைண்டிங் பண்ண 6,000 ஆச்சு, உன் ஒரு மாவுக்கு ஆயிரத்தை அனுப்பிடு" என்றார். சாயங்காலமே அனுப்பிவிட்டேன்.